ஈயப் பரிசோதனை முகாமுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம். பிள்ளைகளுக்கான ரத்த ஈயப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு இருந்த அலுப்பில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லாமலேயே கலைந்துவிட்டோம், அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி டாக்டருக்கு இல்லை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குழாயடியிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டவர்களுக்குத்தான். விரல் நுனியில் ஈயத் தூசி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அது கலந்து, உடம்பில் இல்லாத அளவைக் காட்டிவிடும். கழுவிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்த ஒரு வாண்டை, "திரும்பப் போய்க் கழுவு, எதையும் தொடாம கையைத் தூக்கிக்கிட்டே வா" என்று விரட்டிய அக்காவுக்குத் தனி நன்றி. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை நிதானமாக எடுத்த நர்ஸ்களுக்கும்.

"பிள்ளை நல்லாத்தானே ஓடியாடுது, எதுக்கு ஊசி?" என்று கேட்டவர்களிடம், ஈயம் பெரும்பாலும் வெளியே எதையும் காட்டாது, சோதித்தால்தான் தெரியும் என்று சலிக்காமல் சொன்னீர்கள். சரி, அதில் பாதிப் பேர் பிறகு வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் லேப் தம்பி. விரலில் எடுத்ததில் அளவு கூடுதலாக வந்த பிள்ளைகளுக்கு, நரம்பில் ரத்தம் எடுத்து உறுதிசெய்யும் வரை எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டுதல். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பற்றிய பேச்சு பொதுவாக அந்த அளவு 45 மைக்ரோகிராமைத் தொட்ட பிறகுதான். அதற்குக் கீழே, வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

அந்த வழியைத் தேட வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களை மறக்க முடியாது. பழைய பேட்டரி உடைக்கும் வேலை செய்யும் ஒரு அப்பா, ஈயத் தூசி படிந்த வேலை உடுப்போடுதான் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவேன் என்று தானாகவே சொன்னார். இப்போது குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறாராம். அதைச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்!

அளவு கூடிய பிள்ளைகளுக்கு மறுபரிசோதனை உண்டு, தேதியைச் சொல்கிறோம். அறிக்கையை நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை பெயரோடு படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.