துப்பாக்கியை மாற்றுமுன் தோட்டாவைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்ட் முதல் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அதற்குப் பிறகு எங்கள் சுடுதளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஏர் ரைஃபிளில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய பிள்ளை ‘பாயின்ட் டூ டூ’ (0.22 அங்குல, அதாவது 5.6 மில்லிமீட்டர் தோட்டா) ரைஃபிளுக்கு மாறும் கட்டத்தில், புள்ளி குறைந்தவுடன் துப்பாக்கியில்தான் குறை என்று முடிவு கட்டி, கடன் வாங்கியாவது வேறு துப்பாக்கியையோ புதுக் குழலையோ தேடிப் போகும் வழக்கம் பரவிவருகிறது. முப்பது ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குச் சுடக் கற்றுத் தந்தவன் என்ற முறையில், அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீணாகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்.சி.சி.யில் இருந்தவர்கள் 25 கஜத்தில் இதே 5.6 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுட்டிருப்பார்கள். அந்தத் தோட்டாவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். பெரிய ரகத் துப்பாக்கிகளின் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். சுடுபவர் காலிக் கூட்டை எடுத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, தம் குழலுக்கேற்பத் தோட்டாவைத் தாமே அடைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பாயின்ட் டூ டூவில் அதற்கு வழியே இல்லை. இதில் தீப்பற்றும் மருந்து கூட்டின் மடிந்த விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. துப்பாக்கி ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் நெருப்பை எழுப்புகிறது. ஒருமுறை நசுங்கிய கூடு மறுபடி உதவாது. ஆகவே தொழிற்சாலை எதை அடைத்துத் தருகிறதோ அதைத்தான் சுட்டாக வேண்டும். விளிம்பின் கனத்திலோ அதனுள் பரவிய மருந்தின் அளவிலோ மயிரிழை வேறுபாடு இருந்தால்கூட, அது நேரே குண்டின் வேகத்தில் தெரிந்துவிடும்.

அந்த வேறுபாடு இலக்கில் எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டித் தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே நொடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், இலக்கில் மேலும் கீழுமாக ஏழு எட்டு மில்லிமீட்டர் விலகல் வரும். பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பிள்ளையின் கை ஆடவில்லை, மூச்சு பிசகவில்லை, விசையை அழுத்தியதிலும் குறையில்லை. ஆனாலும் குண்டு ஒன்பதில் போய் விழுகிறது. பயிற்றுநர் பிள்ளையைக் கடிந்துகொள்கிறார், பிள்ளை துப்பாக்கியைக் குறை சொல்கிறது, பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்களுக்குத் தொழிற்சாலை இடும் எண்ணை, மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த எண்தான் முக்கியம் என்பதை நானும் தாமதமாகத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பழகிய மாணவி ஒருத்திக்கு, அவளுடைய தந்தை பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்றை வாங்கித் தந்தார். முதல் மாதம் நன்றாகச் சுட்டவள் இரண்டாம் மாதம் தடுமாறினாள். குழல் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அதற்கு அவர் கேட்ட தொகை அந்தக் குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு. காற்று எழாத ஒரு விடியற்காலையில் அந்த ரைஃபிளை மணல் மூட்டையின் மேல் அசையாமல் வைத்து, அவளிடம் மீந்திருந்த முதல் மாதத் தோட்டாக்களையும் இரண்டாம் மாதத் தோட்டாக்களையும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தோட்டாக்கள், பெட்டியின் நிறமும் விலையும்கூட ஒன்றே. முதல் லாட்டின் பத்துக் குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடும்படி ஒரே ஓட்டையாக விழுந்தன. இரண்டாவது லாட் செங்குத்தாக நீண்டு, நாணயத்துக்கு மேலும் கீழும் எட்டிப் பார்த்தது. ஐயத்துக்கு இடமில்லாதபடி நான்கு முறை மாற்றி மாற்றிச் சுட்டோம். நான்கு முறையும் அதே கதைதான். குழலை நாங்கள் மாற்றவில்லை.

ஈலி, லாபுவா போன்ற தோட்டா நிறுவனங்கள் வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே கொண்டுவந்து லாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கென்று சோதனைக் கூடங்கள் நடத்துவதன் காரணம் இதுவே. ஒரு குழலுக்குப் பிடித்த லாட் அடுத்த குழலுக்குப் பிடிக்காது. இதை முன்கூட்டிச் சொல்லிவிட எந்தச் சூத்திரமும் இல்லை, சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். சோதிப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குண்டின் மேல் பூசிய மெழுகு குழலுக்குள் படிந்துவிடும் என்பதால், ஒரு வகைத் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதிவேகத் தோட்டா நல்லது என்று நம்பி வாங்குவோரும் இருக்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் தணிந்து அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது குலுங்கும். போட்டித் தோட்டாவை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே செய்வது அதனால்தான்.

தோட்டா அமைந்த பிறகு பார்க்க வேண்டியது, துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. கன்னம் படியும் பலகையின் உயரமும், தோள்பட்டைத் தகட்டின் நீளமும் கோணமும், இடது கை நிறுத்தத்தின் இடமும் சரியாக இருந்தால், கண் தானாகக் குறிபார்க்கும் பின் துளையின் நடுவுக்கு வந்து நிற்கும். கழுத்தை வளைத்துக் கண்ணைத் தேடிக் கொண்டுபோகும் பிள்ளை இருபதாவது குண்டுக்குள் களைத்துவிடும். இதற்குச் செலவு ஏதும் இல்லை, ஒரு திருகுச் சாவியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். போட்டி விதி 8 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காகப் பதினான்கு வயதுப் பிள்ளையின் துப்பாக்கியில் எடைக்கட்டிகளைத் தொங்கவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. நின்று சுடும் நிலையில் அந்த எடை முழுவதையும் அந்தப் பிள்ளையின் முதுகெலும்புதானே தாங்க வேண்டும்?

சிறு செலவில் பெரிய பலன் தருபவையும் உண்டு. குழலையும் இயங்கு பகுதியையும் கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகளும் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். கைக்கணக்கில் ஒன்றை அதிகமாக முடுக்கிவிட்டு, ஒரு மாதம் முழுக்கக் காரணம் புரியாமல் அலைந்தவன் நான். முறுக்கு அளவு காட்டும் சாவி ஒன்று வாங்கிய அன்றே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஊசியைத் தள்ளும் சுருள்வில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துபோகும். தளர்ந்த வில் விளிம்பை ஒருமுறை ஆழமாகவும் ஒருமுறை மேலாகவும் நசுக்கும். அப்போது நல்ல லாட்டும் கெட்ட லாட்டாகத் தெரியும். பழைய ரைஃபிள் வாங்கியவுடன் முதலில் மாற்ற வேண்டியது அந்த வில்லைத்தான். விசையை அழுத்தத் தேவைப்படும் பலத்தைக் குறைப்பது அதற்குப் பிறகு. பின் துளையின் அளவை மாற்றும் வளையமும் குறிபார்க்கும் முன் வளையங்களின் சிறு தொகுப்பும், நம் ஊர் வெயிலில் கண் கூசாமல் சுட உதவுபவை.

குழல் மாற்றம் கடைசிப் படி. சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கமிருந்து நுழைத்து நுழைத்துக் குழல் வாய் தேய்ந்திருந்தாலோ, வெற்றாக விசையை அழுத்திப் பழகியதில் ஊசி பட்டுத் தோட்டா அறையின் ஓரம் பள்ளம் விழுந்திருந்தாலோ மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் ஓர் உருப்பெருக்கியும் டார்ச்சும் கொண்டுபோய் இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்ப்பவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் நினைவில் வைத்திருப்பது நல்லது; கடைசல் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளும் பொருள் அல்ல இது.

இவ்வளவையும் தனி ஒருவர் செய்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறக்குமதித் தோட்டா விலை மிகுந்தது. நான்கைந்து லாட்டுகளைச் சோதிக்கவே பல பெட்டிகள் கரைந்துவிடும். எனவே மாநிலத்தில் உள்ள ரைஃபிள் கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டா வரவழைக்கும்போது லாட் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, அறிவிப்புப் பலகையிலும் இடுங்கள். ஒவ்வொரு சுடுதளத்திலும் துப்பாக்கியை அசையாமல் பற்றும் பிடிகருவி ஒன்றை நிறுவுங்கள். ஒரு லாட்டில் சில பெட்டிகளை மட்டும் பிரித்து, உறுப்பினர்களின் துப்பாக்கிகள் அனைத்திலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, எந்தத் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறதோ அதன்படி மீதியைப் பங்கிடுங்கள். எங்களிடம் ஏழு துப்பாக்கிகள்தான் இருக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் பங்கிடுகிறோம். யாருக்கும் ஒரு பெட்டிகூட மிச்சமாகிக் கிடக்கவில்லை. சோதித்த இலக்கு அட்டைகளைத் தேதியும் லாட் எண்ணும் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறோம். கேட்கும் கிளப்புகளுக்கு அவற்றின் நகலை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கல்லூரி என்.சி.சி. அலுவலர்,
கோயம்புத்தூர்.