பெயரைத் துரத்தாதீர்கள், சர்வே எண்ணைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் அப்பா எங்கே, தாத்தா எங்கே என்று சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு தேடினார்கள். கொள்ளுத்தாத்தா பெயரே தெரியாது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. வம்சாவளி எழுத வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் தொடங்குகிற விதம் பெரும்பாலும் தப்பாக இருப்பதால் இந்தக் கடிதம்.

பல்லாவரம், தாம்பரம், குன்றத்தூர், பூந்தமல்லி, திருவொற்றியூர் எல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை தனித்தனி ஊர்கள். இன்று எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பேருந்து நடத்துநருக்குத்தான் தெரியும். ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது மூலப்பத்திரக் கட்டு கட்டுமானக்காரர் கைக்குப் போகிறது. பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியின் காகிதம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறது. பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கால ஆயுதம் கண்டெடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே பல்லாவரத்தில் 1950-இல் எந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வம்சாவளி எழுதுகிறவர்கள் முதலில் பெயரைத் துரத்துகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் முனுசாமி மகன் சுப்பராயன், சுப்பராயன் மகன் முனுசாமி என்று மாறி மாறி வரும். 1910-ஆம் ஆண்டுப் பத்திரத்து முனுசாமியையும் 1958-ஆம் ஆண்டுப் பத்திரத்து முனுசாமியையும் ஒரே ஆளாக எழுதிவிட்டால் நடுவில் இருந்த சுப்பராயன் தொலைந்துபோவார். இரண்டு இனிஷியல் இருந்தால் முதலாவது பெரும்பாலும் ஊர், இரண்டாவது அப்பா. சில வீடுகளில் முதலாவது தாத்தாவாகவும் இருக்கும்.

பட்டப்பெயரும் ஏமாற்றும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1925-இல் முதலியாராகவோ நாயக்கராகவோ கையெழுத்திட்டவர் 1940-இல் வெறும் பெயரோடு வந்தால் அவர் வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே பட்டத்தைப் பல சமூகத்தார் போட்டுக்கொண்டதால், பட்டம் ஒன்றாக இருக்கிறது என்று உறவும் கட்டக் கூடாது.

மனிதர் பெயர் மாறும், நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே கையில் இருக்கும் கடைசிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் வழி. அந்தப் பத்திரத்திலேயே சொத்து எப்படி வந்தது என்று, இந்த வருடத்துப் பத்திர எண், இந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று குறித்திருப்பார்கள். அதைக் கொடுத்து நகல் கேட்டால் அதற்கு முந்திய பத்திரம் கிடைக்கும். அதில் இன்னொரு எண் இருக்கும். இப்படி மூன்று நான்கு படி இறங்கினாலே 1920-களைத் தொட்டுவிடலாம்.

நகல் வந்ததும் எல்லோரும் விலையையும் பரப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். வம்சாவளிக்கு வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. 'எனது பாட்டனார் இன்னாருக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு' என்று, அதாவது தந்தை வழிச் சொத்தாக வந்தது என்று, சொல்லும் வரியில் மூன்று தலைமுறை ஒரே மூச்சில் வந்துவிடும். நான்கெல்லையை ஒருவரும் படிப்பதில்லை. பாகம் பிரித்த நிலத்துக்குப் பக்கத்து நிலம் பங்காளியுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 'கோவிந்தசாமி நிலத்துக்கு மேற்கு' என்றிருந்தால் அந்தக் கோவிந்தசாமி யார் என்று விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் பெரியப்பா வீட்டுப் பிள்ளையாக இருப்பார். சாட்சிக் கையெழுத்து மைத்துனர், மாமனார் வகை. முத்திரைத் தாளின் பின்புறம் அதை வாங்கியவர் பெயரும் ஊரும் இருக்கும். நகல் எடுக்கும்போது பின்பக்கத்தை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

உயிலை வாரிசுகளைத் தவிர யாரும் பார்க்க முடியாது என்று ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில்கள் உள்ள 3-ஆம் புத்தகத்தின் நகல், எழுதியவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் யாருக்கும் கிடைக்கும். இதர பத்திரங்கள் உள்ள 4-ஆம் புத்தகம் மட்டும்தான் எழுதிக்கொடுத்தவருக்கும் உரிமை கோருபவருக்கும். கவுண்டரில் மறுத்தால் இந்தப் பிரிவை எண்ணோடு சொல்லிக் கேட்கலாம்.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில் தடுக்குவது மூன்று இடத்தில். பல அலுவலகங்களுக்குக் கணினியில் இருப்பது 1975 முதல்தான். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்துக் கையால் தேடவைக்க வேண்டும். அடுத்தது உட்பிரிவு. 123/1ஏ என்று தேடினால் அந்த உட்பிரிவு பிறந்த நாளுக்குப் பிறகு நடந்தது மட்டும் வரும்; 123/1, வெறும் 123 என்று தனித்தனியாகத் தேட வேண்டும். யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்தபோது உட்பிரிவுகளும் மாறின, பெயர்ப் பிழைகளும் ஏறின. பிற்பாடு டவுன் சர்வே வந்த இடங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று கணக்கே வேறு. மூன்றாவது, அலுவலக எல்லை. இன்று உங்கள் தெரு சேர்ந்திருக்கும் சார்பதிவாளர் அலுவலகம் அன்று இருந்திருக்காது; தாய் அலுவலகம் எது என்று கேட்டு அங்கே போக வேண்டும்.

மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும். பல்லாவரத்துப் பழைய பத்திரம் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்று சொல்லும். அந்த ஜில்லா பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆயிற்று, 1997-இல் காஞ்சிபுரம் ஆயிற்று, 2019-இல் மறுபடி செங்கல்பட்டு ஆயிற்று. நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை.

பதிவேட்டுக்கும் முந்திப் போக விரும்புகிறவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஊர் இனாம் கிராமமாகவோ (வரியைத் தள்ளியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த ஊர்), குடும்பத்துக்கு மானிய நிலம் இருந்ததாகவோ தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது இனாம் பதிவேடு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் விசாரித்து எழுதியது; அனுபவித்தவர் பெயர், வயது, யார் வழியாக வந்தது என்றெல்லாம் அதில் இருக்கும். உழவரே அரசுக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி கிராமமானால் செட்டில்மெண்ட் பதிவேடுகள். இன்னும் பின்னே, 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் (நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பகுதி) கணக்கெடுப்பு உண்டு. ஏரி, மானியம், வீடுகள், தொழில்கள் என்று ஊரின் நிலவரத்தைச் சொல்லும். ஊர் வரலாற்றுக்கு அது பொக்கிஷம். உங்கள் பாட்டனாரை அதில் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

நிலத்தைப் பிடி என்று சொன்னால், நிலமே இல்லாதவர்கள் எதைப் பிடிப்பது? நியாயமான கேள்வி. இதே செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் கிராம 'ஏ' பதிவேட்டில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பார்) என்ற குறிப்போடு வரும் எண்களைத் தேடினால், இன்று அந்த நிலம் யார் கையில் இருந்தாலும், முதலில் பெற்றவரின் பெயருக்குத் தடம் கிடைக்கக்கூடும். கடல் கடந்து போனவர்களின் குடும்பத்துக்கு இன்னொரு வழி உண்டு. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது முதல், ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம்வரை எழுதினார்கள். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊரில் நிலம் வைத்திருந்தவரைவிட, ஊரை விட்டுப் போன ஏழையைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது விசித்திரம்தான்.

தேதிகளில் சறுக்காதவர் குறைவு. 'ருத்ரோத்காரி ௵ ஆனி ௴' என்று இருந்தால் அது 1863, 1923, 1983 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். முத்திரைத் தாளில் விக்டோரியா மகாராணியா, ஐந்தாம் ஜார்ஜா, அசோகர் சிங்கமா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. வருவாய்த்துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனால் பசலி ஜூலையில் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591 கூட்ட வேண்டும். பசலி 1333 என்றால் 1923 ஜூலை முதல் 1924 ஜூன் வரை. பரப்பைப் பொறுத்தவரை, இந்தப் பகுதியில் ஒரு காணி 24 மனை, அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சாவூர்க் கணக்கை இங்கே போடக் கூடாது.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். ஜூனில் சேர்க்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதிகள் ஏராளம். அண்ணன் தம்பி எல்லோரும் மே மாதத்தில் பிறந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறப்புப் பதிவேட்டில் தேடுகிறவர்கள் குழந்தையின் பெயரைத் தேடாமல் தகப்பன் பெயரைத் தேட வேண்டும், 'ஆண் குழந்தை' என்று மட்டுமே எழுதியிருப்பார்கள். கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது கைமாறிய பழைய கணக்குகள் முழுவதும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று எதிர்பார்க்காமல் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள்தான் எல்லா வம்சாவளியிலும் விடுபடுகிறார்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மகன்கள் மட்டும் இருப்பார்கள். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தபின், அவர்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் குவிந்திருக்கின்றன. பங்கை விட்டுக்கொடுக்க வைத்த பத்திரம்தான், வருத்தமான விஷயம். ஆனாலும் மகளின் பெயர், கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான். வீட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களைச் சொல்வார்கள். புரோகிதரின் நோட்டில் இருக்கும். கிறிஸ்தவர்களுக்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு.

வரையும்போது கிளை மட்டும் விட்டுக்கொண்டே போனால் சிக்கிக்கொள்வீர்கள். அத்தை மகளைக் கட்டியவர், அக்கா மகளைக் கட்டியவர் எல்லோரும் மரத்தில் இரண்டு இடத்தில் வருவார்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டாவது இடத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கொல்லும். பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, இரண்டு பக்கமும் படம் எடுத்தால் போதும்.

இனி அரசும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டியது. சாதிப் பெயர் தாங்கிய தெருக்களின் பெயரை மாற்ற 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. பெயர் போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் எழுபதுகளின் கடைசியில் இதே வேலையைச் செய்தபோது 'டாக்டர் நாயர் சாலை' வெறும் 'டாக்டர் சாலை' ஆன கேலிக்கூத்தும் நடந்தது. எந்தத் தெரு எதுவாயிற்று என்று சாதாரணக் குடிமகன் எடுத்துப் பார்க்கும்படி பட்டியல் எதுவும் இல்லை. சென்னையில் 'பழைய எண், புதிய எண்' என்று வாசலில் இரண்டு எண் எழுதி வைத்திருப்பதை வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், ஆராய்கிறவருக்கோ அந்தப் பலகைதான் தெய்வம். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அந்த நகராட்சிகளின் பழைய சொத்துவரிக் கணக்குகளை வருடம் பார்த்து அடுக்கி, பழைய தெருப் பெயர், பழைய கதவு எண், சர்வே எண், இன்றைய முகவரி நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டு, அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். பதிவுத்துறை 1975-க்கு முந்திய பெயர் அட்டவணைப் புத்தகங்களைத் தாள் நொறுங்கும் முன் ஸ்கேன் செய்ய வேண்டும். கோயில் திருப்பணிக் குழுவினர், டைல்ஸ் ஒட்டும் முன் தரையிலும் சுவரிலும் உள்ள 'உபயம்' கல்லைப் படம் எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பணமே செலவாகாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீத்தார் அறிவிப்பு விளம்பரப் படிவத்தில் பூர்வீக ஊர் என்றும், பெண்ணாக இருந்தால் பிறந்த ஊர் என்றும் ஒரு வரியைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக் கொடுங்கள். இப்போது அந்த இடத்தில் வீட்டு எண்ணும் அடுக்குமாடியின் பெயரும் மட்டும்தான் வருகின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.