டெண்டர் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூட்டம் இப்போதுதான் கலைந்தது, அதனால்தான் பதில் தாமதம். ஏற்காட்டு மலையில் போன வாரம் நல்ல மழை, இங்கே சேலத்தில் வழக்கம் போல வெயில்தான். அஸ்தம்பட்டியில் நின்று பார்த்தால் மலைக்கு மேல் மேகம் தெரியும், ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் சத்திரப்பட்டியில் போட்டிருக்கிற பேண்டேஜ் துணி யூனிட்டை வைத்து அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் போடலாமா, ஆள் பிடிக்காமல் அங்கே எதுவும் நடக்குமா என்று கேட்டிருந்தாய். நான் டெண்டர் போட்டவனும் இல்லை, திறந்தவனும் இல்லை. அரசு வாங்கி அனுப்பிய சரக்கைப் பிரித்துக் கவுண்டரில் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தாளுநர், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் இருந்து பார்த்தால் சில சங்கதி நன்றாகவே தெரியும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு இயக்குநரகமும் தனித்தனியாக மருந்து வாங்கியது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள், 1995 ஜனவரியிலிருந்து மருந்து கொள்முதல் அதன் வழியாக நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக் ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்குவார்கள், ஆனால் பணமாகக் கையில் தரமாட்டார்கள். பாஸ்புக்கோடு மாவட்டக் கிடங்குக்குப் போய், வேண்டியதை எடுத்தால் அதன் மதிப்பு கணக்கில் கழியும். எந்த மருந்து, எவ்வளவு என்பது நம் முடிவு. சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வேண்டியது வேறு, ஏற்காட்டு மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டியது வேறு இல்லையா? பாம்புக்கடி மருந்து மலையில் தீர்ந்துபோனால் கீழே இறங்கி வருவதற்குள் ஆள் போய்விடுவான். திடீர்த் தேவைக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒதுக்கீட்டில் பத்து சதவீதம் போலத் தனியாக விட்டிருந்தார்கள். இந்த அமைப்பைப் பார்த்துத்தான் கேரளாவிலும் ராஜஸ்தானிலும் பின்னால் கழகம் ஆரம்பித்தார்கள்.

டெண்டருக்கு 1998-ம் வருடத்து ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்டம் இருக்கிறது, அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. இரண்டு கோடிக்குள் என்றால் குறைந்தது பதினைந்து நாள், அதற்கு மேல் என்றால் முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். கழகத்தில் இரண்டு கவர் முறை. முதல் கவரில் லைசென்ஸ், விற்றுமுதல் கணக்கு, தரச் சான்று, முன்வைப்புத் தொகை எல்லாம் இருக்கும். அதில் ஒரு காகிதம் குறைந்தாலும் விலைக் கவரைத் திறக்கவே மாட்டார்கள். நிறைய சின்ன யூனிட்கள் அடிபடுவது இங்கேதான், விலையில் இல்லை. அதனால் அவனை முதலில் 2017 மருத்துவச் சாதன விதிகளின்படி லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அப்புறம், விலை ஒப்பந்தம் என்றால் அந்த விலைக்குத் தருவதாக ஒப்புக்கொள்வதுதான், இவ்வளவு மூட்டை கட்டாயம் வாங்குகிறோம் என்பது இல்லை. அதை நம்பிக் கடன் வாங்கித் தறி போட்டுவிடப் போகிறான்.

ஆள் பிடிப்பது பற்றிக் கேட்டாயே. எங்கும் நடக்காது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் மருந்து விஷயத்தில் ஏமாற்றுவது கஷ்டம், காரணம் லேப். கிடங்குக்கு வந்த சரக்கு உடனே எங்களுக்கு வராது. பேட்ச் பேட்சாக மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் வெளியே போகும், பணமும் அதற்கப்புறம்தான். உன் மருமகன் சரக்குக்கும் இதே கதைதான். காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய காஸ் (gauze) துணியைச் சதுரமாக வெட்டித் தண்ணீரில் போடுவார்கள், பத்து நொடிக்குள் அது முழுக்க நனைந்து உள்ளே இறங்கிவிட வேண்டும். கஞ்சியை ஒழுங்காக எடுக்காத துணி மேலேயே மிதந்துகொண்டிருக்கும், சிபாரிசுக் கடிதம் எத்தனை இருந்தாலும் மிதக்கத்தான் செய்யும். இழைக் கணக்கு, எடை எல்லாம் தனி. அவன் அனுப்புவதற்கு முன்னால் வீட்டு பக்கெட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்தான் மச்சான். மாத்திரையும் துணியும் லேபுக்குப் போகும். துடைத்த தரையை எந்த லேபுக்கு அனுப்புவது? சுத்தப் பணி, காவல் இதற்கெல்லாம் விடுகிற ஒப்பந்தத்திலும் அதே குறைந்த விலைதான் ஜெயிக்கிறது. துணியில் விலை குறைகிறது என்றால் மில்லை மாற்றி நூல் வாங்கியிருப்பான், தறியை வேகமாக ஓட்டியிருப்பான் என்று ஏதாவது ஒரு வழி சொல்லலாம். கூட்டுகிற வேலையில் செலவே சம்பளம்தானே, எங்கே குறைப்பான்? முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பன்னிரண்டு சதவீதத்திலும், இ.எஸ்.ஐ. மூன்றேகால் சதவீதத்திலும், ஆள் எண்ணிக்கையிலும்தான் கை வைப்பான்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கான்ட்ராக்ட் கம்பெனி மாறியது. மறுநாள் காலையில் பார்த்தால் அதே பெண்கள், அதே துடைப்பம், சேலை மேல் போடுகிற கோட்டு மட்டும் நீலத்திலிருந்து பச்சையாகியிருந்தது. பிரசவ வார்டில் இருந்த அக்கா ஒருத்தர் பழைய கம்பெனி பிடித்த பி.எஃப். எங்கே என்று என்னிடம் கேட்டார். புதுக் கம்பெனிக்காரன் எனக்குத் தெரியாது என்றான், ஆபீசில் அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம் என்றார்கள். கம்பெனி கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிர்வாகம்தான் தர வேண்டும் என்று 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதி என்ன பண்ண?

இதில் அபராதம் வேறு. வார்டு அழுக்காக இருந்தால் கம்பெனி பில்லில் பிடிப்பார்கள், நல்ல விதி மாதிரித்தான் தெரியும். கம்பெனி அதை அந்த அக்காவின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், கூலியையும் பி.எஃப்பையும் விலைப்போட்டியிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அதை அரசே நிர்ணயித்து நேராக அவர்கள் கணக்கில் போடட்டும், கம்பெனிகள் மேற்பார்வைக் கட்டணத்தில் மட்டும் போட்டி போடட்டும். வார்டு நர்ஸ் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகக்கூடாது. ஆனால் நர்ஸுக்கு இதற்கு நேரம் எங்கே என்று நீ கேட்பாய், அதுவும் நியாயம்தான்.

குப்பை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தேவலை. 2016 விதிப்படி ரத்தம் பட்ட பஞ்செல்லாம் மஞ்சள் பையில் போய், 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கக்கூடாது. 75 கிலோமீட்டருக்குள் மருத்துவக் கழிவுக்கான பொது சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி தானே எரிக்கவும் முடியாது. ஆக ஏற்காட்டுக்கு வண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாக வேண்டும். மழையில் பாறை சரிந்து பாதை அடைத்தால் பை அப்படியே இருக்கும். பையில் பார்கோடு இருப்பதால் எது, எங்கிருந்து போனது என்று கணக்காவது மிஞ்சும்.

மருமகனுக்குச் சுருக்கமாகச் சொல்: போடட்டும், தைரியமாகப் போடட்டும். பணம் வரத் தாமதமானால் மூன்று நான்கு மாதம் தாங்குகிற கையிருப்பு இருந்தால் மட்டும் போடட்டும். டெண்டர் ஃபாரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், கண்ணாடி மாற்றிவிட்டேன், பொடி எழுத்தும் தெரிகிறது. தங்கச்சி முட்டிவலிக்கு ஆபரேஷன் பண்ணியாச்சா, இல்லை இன்னும் தைலம்தானா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

உன்,
பழைய ரூம்மேட்