வெறும் பீடம்

பிரிஸ்டல், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன வாரம் போனில் பேசும்போது, "அந்தக் காலத்தில் அடிமை வியாபாரம் தப்பென்று யாருக்கும் தெரிந்திருக்காதுடா" என்றீர்கள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

நான் வேலைக்கு நடந்து போகும் வழியில் சிலை இல்லாத பீடம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் எட்வர்ட் கோல்ஸ்டன் நின்றிருந்தார். 1721இல் இறந்த வணிகர். பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர். ஆனால் அவர் நிர்வாகத்தில் இருந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி, அவர் அங்கே இருந்த வருடங்களில் மட்டும் சுமார் 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. சுமார் 19,000 பேர் வழியிலேயே செத்தார்கள்.

அவரை இந்த ஊரின் நற்குணமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பொறித்துச் சிலை வைத்தது எப்போது தெரியுமா? 1895இல். அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்து அறுபது வருடம் கழித்து! தெரியாமல் செய்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

அதற்கு முன்னாலும் தெரிந்துதான் இருந்தது. 1783இலேயே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இந்த வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1791 வாக்கில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று பல குடும்பங்கள் நிறுத்திக்கொண்டன. சரி, இவர்களையெல்லாம் விடுங்கள். கப்பலுக்குள் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு அது தப்பென்று தெரியாதா அப்பா? நாம் "அந்தக் காலம்" என்னும்போது அவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்றைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 1833இல் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு ஒதுக்கினார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்ததாம். நான் 2012இல் இங்கே வந்தேன். மூன்று வருடம் என் சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்தும் ஏதோ கொஞ்சம் அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது.

2020 ஜூன் 7 அன்று மக்கள் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அப்புறம் வெளியே எடுத்து, மக்கள் பூசிய பெயின்ட்டைக் கழுவாமல், அருங்காட்சியகத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். நீங்கள் வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். பார்த்துவிட்டு, அன்று சொன்னதை மறுபடி பேசுவோம்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்