சனிக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் இயற்பியல் துறை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். முப்பட்டகச் சோதனையை முடிக்காததால் என் தங்கையின் ரெக்கார்டு நோட்டு கையெழுத்தில்லாமல் திரும்பியது உங்களுக்குத் தெரியும். அந்தச் சோதனை நடக்கும் மேசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒளி எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் முப்பது பேருக்கு இரண்டுதான். சோடியம் விளக்கு முதலில் சிவப்பாக மினுங்கும். நல்ல மஞ்சள் வரச் சில நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பிறகு முப்பட்டகத்தை மெல்லத் திருப்பி, நகர்ந்துகொண்டே போகும் பிம்பம் சட்டென்று நின்று திரும்புகிற இடத்தைப் பிடித்து ரீடிங் எடுக்க வேண்டும். அவள் முறை வரும்போது மணி நாலரை. பிம்பம் திரும்புவதற்குள் எங்கள் ஊர் பஸ் கிளம்பிவிடும். அடுத்தது இருட்டிய பிறகுதான். பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து எழுதியிருந்தால் கையெழுத்து கிடைத்திருக்கும். அவள் எழுதவில்லை. அதுதான் குற்றம் போலிருக்கிறது.

நானும் அதே மேசையில் நின்றவன்தான். இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு விசைப்படகில் ஏறினேன். அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கப் போவது இவளாவது முடிக்கட்டும் என்றுதான்.

அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. நன்றி மறக்கவில்லை. ஆனால் ஓசி பஸ்ஸும் வந்தால்தானே ஏற முடியும்? சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம், தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். கேட்பது இதுதான்.

அக்டோபர் 15 வந்தால் கலாம் ஐயாவுக்கு பேனர், பேச்சுப் போட்டி, பரிசாக அவர் படம். ராமேசுவரத்துப் பிள்ளை 1954-இல் திருச்சியில் இயற்பியல் முடித்த கதையை மேடையில் முழங்குகிறோம். அவர் விடுதியில் தங்கிப் படித்தார், நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, அறிவியல் ஏறாது என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவதும் காதில் விழத்தான் செய்கிறது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. செய்முறைத் தேர்வு ஏப்ரல் கடைசியில். அதற்குள் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைக்கத் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். கதவைத் திறக்க ஆளில்லை என்றால், ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். நான் கரையில்தான் இருப்பேன். சாவியைக் கொடுத்தால் நானே வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்