இருபதாவது நட்டு வரை போனை வைக்காதவருக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பாவின் கார் மறுபடி ஓடுகிறது. இந்த ஒரு வரியை எழுதத்தான் ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். பழைய அச்சு போன அன்று இரவு என்ன நடந்தது, வண்டிக்குள் யார் யார் இருந்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அன்றைக்கே ஓடி வந்தவர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், "அடாப்டர் போடாதே" என்று என்னைத் தடுத்த நண்பருக்கு. வண்டி 1966 மஸ்டாங், ஆறு சிலிண்டர். அதனால் சக்கரத்துக்கு நான்கு ஸ்டட், அதாவது சக்கரத்தை நட்டுப் போட்டுப் பூட்டும் மரைத் தண்டுகள். பின் அச்சின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரம், கிரௌன் வீல், 7.25 அங்குலம். வி8 எஞ்சின் வைத்த அதே வருட வண்டிக்கு ஐந்து ஸ்டட், 8 அங்குல கிரௌன் வீல். நான்கை ஐந்தாக்க நடுவில் ஒரு வளையத்தை வைத்துப் பூட்டினால் அரை நாளில் வேலை முடியும் என்றுதான் நான் இருந்தேன். "சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், உள்ளே இருக்கிற அச்சு அதே பழைய அச்சுதானே?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இத்தனை வேலையையும் இழுத்து வந்தது. அன்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. இன்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அச்சு தேடி அலைந்த வாரங்களில் உதவியவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1967 வண்டியின் ஹவுசிங்கை, அதாவது அச்சின் வெளிக்கூட்டை, வாங்க நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டபோது, அது இதைவிட 2 அங்குலம் அகலம், டயர் வெளித் தகட்டில் உரசும் என்று டேப்போடு வந்து நின்றவர். 8 அங்குலம் என்று சொல்லி விற்க வந்ததை எனக்காகப் போய்ப் பார்த்து, முன்பக்க நட்டுகளில் அடியில் இருப்பது வரை எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக உட்காருகிறதா என்று சோதித்து, "உட்காருகிறது, 8தான், எடுத்துக்கொள்" என்று சொன்னவர். 5 ஓட்டை இருக்கிறதே என்று நான் ஆசைப்பட்ட அலாய் வீல்களைக் காலிப்பரால் அளந்து, அடுத்தடுத்த ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 67.2 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் 70.9 வருகிறது, ஓட்டைகள் அமைந்த வட்டம் 4.5 அங்குலம் இல்லை, 4.75 என்று கண்டுபிடித்த தம்பி. நாலு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன் சக்கரங்களும் ஐந்து ஸ்டட்டாக வேண்டுமென்றால் ஸ்டட்கள் நிற்கும் ஹப்பை மட்டும் மாற்றி முடியாது, அது சுழலும் தண்டான ஸ்பிண்டிலும், அதோடு ஸ்டீயரிங்கின் டை ராடு முனைகளும் மாற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு முழு செட்டைத் தன் கொட்டகையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். ஆக்ஸில் பேரிங்குகளைப் பிரஸ்ஸில் அழுத்திக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த பட்டறைக்காரர். ஹவுசிங்கின் மேல் இருக்கும் சின்னக் காற்றுக் குழாயைக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கச் சொன்னவர். அது அடைத்துத்தான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் சூட்டில் ஆயில் சீல் வழியாகப் பிதுங்கி, புது பிரேக் ஷூ எல்லாம் நனைந்திருக்கும். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும். எழுதுவேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக வேறொருவருக்கு. அவரை உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். நேரில் பார்த்தது ஒரே முறை, இரண்டு நிமிடம்.

பினியன் கோணம் (அச்சுக்குள் கிரௌன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத் தண்டின் சாய்வு) பார்க்கிற அளவியை ஒருவரிடம் இரவல் கேட்டிருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தது அவருடைய மாமா. எழுபது வயது தாண்டியிருக்கும். கனரக வண்டிகளில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொட்டகை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் பிரேக் டிரம்களுக்கு, சக்கரம் வந்து ஒட்டும் முகம் உட்பட, கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட் அடித்து வரிசையாகக் காய வைத்திருந்தேன். சக்கரங்களின் உட்புறமும் அப்படித்தான். அப்பா இருந்தால் பார்த்துப் பூரித்திருப்பார் என்று நினைத்து நினைத்து அடித்த பெயிண்ட். பெரியவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகா செய்றீங்கம்மா" என்றார். கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வண்டியை முதல் முறையாகச் சாலையில் இறக்கினேன். 60 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். அச்சில் முனகல் இல்லை, பிரேக் நேராகப் பிடித்தது. மறுநாள் காலை அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு அம்மா எந்தக் காரிலும் முன் இருக்கையில் உட்காரவில்லை. இதில் உட்காருகிறேன் என்று அவளே சொன்னாள்.

இரவு பத்து மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நேரம் கெட்ட நேரத்துல கூப்பிடறேன், மன்னிக்கணும்மா. அளவி கொண்டாந்து குடுத்தேனே, நான்தான். வண்டியை ஓட்டிட்டீங்கன்னு பையன் சொன்னான்."

"ஆமாங்க ஐயா. நல்லா ஓடுது."

"ஓட்டின பிறகு வீல் நட்டைத் திரும்ப முறுக்கிப் பார்த்தீங்களா?"

டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச், வைத்து முறுக்கியதைச் சொன்னேன். 85 அடி-பவுண்டு இறுக்கம், ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசை, ஒவ்வொன்றும் மூன்று முறை. பெருமையாகத்தான் சொன்னேன்.

"அது நின்ன வண்டியிலதானே? நான் கேட்கறது ஓடின பிறகு. அந்த டிரம் முகத்துல பெயிண்ட் பார்த்தேன்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். முன்பின் தெரியாதவங்க வேலையில மூக்கை நுழைக்கிறதான்னு வந்துட்டேன். இன்னைக்கு ஓட்டிட்டீங்கன்னு கேட்டதும் தூக்கம் வரலை."

நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன். காலையில் பார்க்கிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. "போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்" என்றார். போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னார். ரெஞ்சின் 'டக்' சத்தம் அவருக்குக் கேட்க வேண்டுமாம்.

வலது முன் சக்கரத்தில் ஆரம்பித்தேன். ஐந்தும் அசையாமல் 'டக்' என்றன. "அஞ்சு" என்றார் அங்கிருந்து. வலது பின் சக்கரத்தில் ஒரு நட்டு லேசாகத் திரும்பிப் பிறகு நின்றது. "பத்து." இடது பின் சக்கரம். முதல் நட்டு திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட அரைச் சுற்று. சத்தம் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்தச் சக்கரத்தில் மூன்று நட்டு அப்படி இருந்தன. எனக்குக் கை வியர்த்து ரெஞ்ச் வழுக்கியது. "அவசரமில்லைம்மா, நான் எங்கயும் போகலை" என்றார். இருபதாவது 'டக்' கேட்ட பிறகுதான் "சரி, உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றார்.

அதன் பிறகு ஏன் என்று விளக்கினார். நட்டை முறுக்கும்போது ஸ்டட் கொஞ்சம் நீள்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. அப்படி இழுபட்டு நிற்கிற ஸ்டட்தான் சக்கரத்தை டிரம்மோடு சேர்த்து இறுக்குகிறது; அந்த இறுக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. ஐந்து ஸ்டட்டின் தண்டுகள்தான் வண்டியைச் சுமக்கின்றன என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடுவில் பெயிண்ட் இருந்தால், பிரேக் சூட்டிலும் ஓட்டத்திலும் அது நசுங்கி ஒதுங்குகிறது. நான் அடித்த இரண்டு கோட் பெயிண்ட்டின் தடிமனும் ஸ்டட் நீண்ட அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அது நசுங்கினால் இது தளர்ந்துவிடுகிறது. நட்டு தானாகக் கழன்று வர வேண்டிய அவசியமே இல்லை. முதலில் இறுக்கம் போகும், சக்கரம் மயிரிழை ஆடத் தொடங்கும், பிறகுதான் நட்டு திரும்ப ஆரம்பிக்கும். அறுபதுகளில் கிறைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, இடப்பக்கம் திருப்பினால் இறுகும் இடமரை ஸ்டட்களே போட்டிருந்தார்கள், சுழற்சி நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்காக, என்றும் சொன்னார். "எந்த மரையா இருந்தாலும் ஓட்டிட்டுத் திரும்பப் பார்க்கணும்மா. லாரியில அதை விட்டவங்களை நான் பார்த்திருக்கேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மா புறப்பட்டு வந்து நின்றாள். "மத்தியானம் போகலாம்மா" என்றேன். ஏன் என்று கேட்காமல் கொட்டகையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான்கு சக்கரங்களையும் கழற்றி, சக்கரமும் டிரம்மும் முகத்தோடு முகம் ஒட்டும் இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, வெறும் உலோகம் தெரியும் வரை தேய்த்தேன். நான் அவ்வளவு ஆசையாக அடித்த கறுப்பு, தூளாகத் தரையில் விழுந்தது. ஒரு துளிகூட வருத்தமில்லை. மறுபடி பூட்டினேன், முறுக்கினேன். மத்தியானம் அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் வரை கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அந்த போனைப் பற்றி இந்த இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் எல்லாரிடமும் நான் உதவி கேட்டேன், நீங்கள் செய்தீர்கள். எனக்கு என்ன தெரியாது என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. நட்டு விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தேன். அதைப் பற்றி யாரிடமும் கேட்டிருக்கவே மாட்டேன். இரண்டே நிமிடம் பார்த்த ஒருவருக்கு அது மூன்று வாரம் மனதில் கிடந்து, பத்து மணிக்கு எழுந்து எண்ணைத் தேடிக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தி என்ன நினைத்துக்கொள்வாளோ என்ற கூச்சத்தையும் மீறி.

ஒன்று தீர்மானித்திருக்கிறேன். இனி எனக்குத் தெரிந்து யார் அச்சு மாற்றினாலும், ஹப் மாற்றினாலும், வெறுமனே சக்கரத்துக்குப் பெயிண்ட் அடித்தாலும், வண்டி முதன்முறை ஓடிய அன்று இரவு என் போன் வரும். தொந்தரவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய், போனைத் தரையில் வையுங்கள்.

ஐயா, உங்களுக்கு இது போன்ற கடிதங்கள் படிக்கிற பழக்கம் இல்லை என்று உங்கள் மருமகன் சொன்னார். படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டபடியே 100 கிலோமீட்டரில் ஒருமுறை பார்த்தேன், 200-ல் ஒருமுறை பார்த்தேன். இப்போது 412 ஆகிவிட்டது. நேற்று ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து மறுபடி முறுக்கிப் பார்த்தேன், அம்மா பக்கத்தில் நின்று எண்ணினாள். இருபதிலும் 'டக்' கேட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.