படத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கூட்டு நிதித் திரட்டலில் முன்பணம் கட்டிய ஸ்மார்ட் மேசை விளக்கு, காட்டிய வடிவமைப்புக்கு மாறாக வந்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

உங்கள் பிரசாரப் பக்கத்தில் காட்டியது ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தெடுத்த உடல், இணைப்புக் கோடு இல்லாத மேற்பரப்பு, முனைக்கு முனை சீரான ஒளி. எங்களுக்கு வந்தது வெள்ளி பெயின்ட் அடித்த ஏபிஎஸ் பிளாஸ்டிக். இரு பாதிகள் சேரும் கோடு நகத்தில் தட்டுகிறது. திருகு ஏறும் இடங்களுக்கு நேரே வெளிப்புறத்தில் குழிகள். எரியவிட்டால் எல்இடிகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன.

கேட்டதற்கு, "உற்பத்திக் காரணங்களால் சிறு மாற்றம்" என்று பதில் வந்தது. அதை ஏற்க முடியாது. முழு உலோக உடலுக்குள் ஆன்டெனாவை அடைத்தால் வைஃபை, புளூடூத் சிக்னல் வெளியே வராது. எங்காவது ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் விட்டாக வேண்டும். உங்கள் படத்தில் அது இல்லை. வடிவமைப்பாளரையும் மின்னணுப் பொறியாளரையும் ஒருமுறை சேர்த்து உட்காரவைத்திருந்தால், பணம் திரட்டும் முன்பே இது தெரிந்திருக்கும்.

பிறகு அலுமினியத்தைப் பிளாஸ்டிக்காக மாற்றினீர்கள், வடிவத்தை மாற்றவில்லை. கடைசல் அலுமினியத்துக்கு வரைந்த வடிவத்தை அப்படியே மோல்டில், அதாவது உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் உலோக அச்சில், வார்த்தால் இப்படித்தான் வரும். திருகு இடங்களைத் தாங்கி உள்ளே நிற்கும் ரிப் என்ற தடுப்பின் கனம், சுவர் தடிமனில் ஏறக்குறைய 50–60 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் தாமதமாகக் குளிர்ந்து சுருங்கும், வெளிப்பரப்பை உள்ளிழுக்கும். அதுதான் அந்தக் குழி. நேர்ச்சுவர்களுக்கு 1 முதல் 2 டிகிரி சாய்வு வேண்டும். அது இல்லாததால் மோல்டிலிருந்து கழலும்போது உரசிய தடங்கள் பெயின்ட்டையும் மீறித் தெரிகின்றன.

வடிவமைப்பாளரின் ஒப்பந்தம் பிரசாரத்தோடு முடிந்துவிட்டதாக நீங்களே அறிவித்தீர்கள். எங்கள் முக்கியமான புகார் இதுதான். பணம் கேட்கும்போது அவருடைய வரைபடங்களையும் நுரை மாதிரிகளையும் வீடியோவில் முன்னிறுத்தினீர்கள். மோல்டின் முதல் மாதிரியைக் கையில் எடுத்து ஒப்புதல் தரவேண்டிய நேரத்தில் அவர் இல்லை. மூலப்பொருள், நிறம், மேற்பரப்பு பற்றிய அவருடைய குறிப்பேடு தொழிற்சாலைக்குப் போனதா என்பதற்கும் பதில் இல்லை. கூட்டு நிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே வன்பொருள் திட்டங்களில் நிஜம்போன்ற கணினிப் படங்களைத் தடைசெய்தது. நீங்கள் வேறு தளத்தில் திரட்டினீர்கள் என்பதால் பொறுப்பு குறையாது.

ஒளிப்புள்ளிகளை உடனே சரிசெய்யலாம். ஒளியைப் பரப்பும் தகடான டிஃப்யூசர், எல்இடிகளுக்கு இடையே உள்ள இடைவெளி அளவுக்காவது அவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இடமில்லையென்றால் அதிகம் பரப்பும் தகடாக மாற்றி அனுப்புங்கள். இதற்கு மோல்டைத் தொடவே வேண்டாம். குழிகள் அப்படியல்ல. ரிப்பை மெலிதாக்க மோல்டில் உலோகம் சேர்க்க வேண்டும், அது வெல்டிங் வேலை. வெட்டி எடுப்பதுபோல் எளிதல்ல. ஆகவே அதே வடிவமைப்பாளரை, அல்லது மோல்டு அனுபவமுள்ள இன்னொருவரை, சம்பளத்தோடு திரும்ப அமர்த்தித் திருத்தப்பட்ட உடலை அனுப்புங்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அனுப்புக் கட்டணத்தோடு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். எது என்பதை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும், நிறுவனம் அல்ல.

முதல் மாதிரிக்கு ஒப்புதல் தந்தவர் யார், எந்தத் தேதியில் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை மீதமுள்ள பெட்டிகளை அனுப்புவதை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்கள்